கண்ணீருக்கு யாருடைய சொல்?

1535ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மார்ட்டின் லூத்தர் ஒரு சிறு புத்தகம் எழுதினார். பிரபுவுக்கோ பேராசிரியருக்கோ அல்ல. விட்டன்பர்க்கில் அவருக்கு முடிவெட்டி முகம் மழித்துவந்த பீட்டர் பெஸ்கெண்டார்ஃபுக்கு. எப்படி ஜெபம் செய்வது என்று பீட்டர் கேட்டிருந்தார். லூத்தர் காட்டிய வழி எளியது. கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம் இவற்றை வரிவரியாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின்மேலும் மனத்தை நிறுத்த வேண்டும். சவரக்கத்தி பிடித்தவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே மழித்தால் எதிரே உட்கார்ந்திருப்பவனின் மூக்கும் கழுத்தும் என்ன ஆகும் என்று தொழிலிலிருந்தே உவமையும் எடுத்தார். அப்படிச் சொல்லிக்கொண்டு போகையில் உள்ளத்தில் வேறோர் எண்ணம் பொங்கி வந்தால், கற்ற வரிகளை அங்கேயே விட்டுவிட்டு அதற்குச் செவிகொடு என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த ஆண்டு ஈஸ்டர் காலத்தில், சாப்பாட்டுப் பந்தியில், பீட்டர் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றார். லூத்தர் முதலானோர் பரிந்து பேசியதால் உயிர் தப்பியது. ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

கிறிஸ்தவ ஜெபத்தின் பழைய சிக்கல் ஒன்று இந்த முடிதிருத்துபவரின் கதையில் இருக்கிறது. மனிதன் தன் சொந்தப் பாடுகளைக் கடவுளிடம் கொண்டுபோகும்போது யாருடைய சொல்லில் பேசுவது? முன்னோர் கொடுத்த இரவல் சொல்லிலா, தன் வாயில் வருவதிலா? இன்று தமிழ்நாட்டுச் சபைகளில் ஒரு தாய் எழுந்து நின்று மகனின் வேலைக்காகவும் கணவனின் குடிக்காகவும் ஜெபிக்கச் சொல்லலாம். எல்லாருக்கும் பழகிப்போன காட்சி. ஆனால் இந்த உரிமை நெடுங்காலம் கைமாறிக் கைமாறி வந்தது. வந்த தடத்தைப் பார்த்தால், இரவல் சொல்லும் சொந்தச் சொல்லும் ஒன்றை ஒன்று விரட்டியதாகத் தெரியவில்லை. ஒன்று வற்றும்போதெல்லாம் மற்றது வந்து நிரப்பியதாகவே தெரிகிறது.

தொடக்கம் சங்கீதப் புத்தகம். அதிலுள்ள 150 பாட்டுகளில் புகழ்ச்சியைவிட முறையீடு மிகுதி என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சங்கீதங்களை வகைபிரித்து ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல், தனியொருவரின் புலம்பலே அந்தப் புத்தகத்தின் முதுகெலும்பு என்று கண்டார். அந்தப் புலம்பலுக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. முதலில் அழைப்பு, பிறகு குறை, அதன்பின் வேண்டுதல், நடுவே நம்பிக்கையின் ஒரு சொல், கடைசியில் காரியம் கைகூடினால் செய்வதாக ஒரு பொருத்தனை. நம் ஊர் நேர்த்திக்கடனை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை அந்நியமாக இராது. 88ஆம் சங்கீதம் மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்குவதில்லை. அதில் நம்பிக்கையின் திருப்பம் இல்லை, பொருத்தனை இல்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் திருத்தாமல் விட்டார்கள். அவர்களுடைய துணிச்சலை மெச்ச வேண்டும்.

முதல் நூற்றாண்டுகளின் சபை இந்தப் பாட்டுகளையே தன் வாயாக்கிக்கொண்டது. கி.பி. 200 வாக்கில் கார்த்தேஜ் நகரில் எழுதிய தெர்த்துல்லியன் ஒரு சிறிய கதவைத் திறந்தும் வைத்தார்: கர்த்தர் கற்பித்த ஜெபத்தை முதலில் சொல்லி அடித்தளம் போட்டுவிட்டால், அதன்மேல் அவரவர் நிலைமைக்கு ஏற்ற வேண்டுதல்களைக் கட்டிக்கொள்ளலாம். ஒரு தலைமுறை கழித்து ஒரிகன் ஜெபத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். எல்லாம் அறிந்தவரிடம் எதற்குக் கேட்பது என்ற கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட நூல் அது. ஆனால் உலகத் தேவைகளைக் கேட்பதை அவர் அவ்வளவாக விரும்பவில்லை. பெரியதைக் கேள், சின்னது தானாக வரும் என்பது அவர் கட்சி. வாடகை கொடுக்க வழியில்லாதவனுக்கு இது எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தநாசியு, மார்செல்லினு என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மார்செல்லினு நோயில் படுத்திருந்து, அந்த நாள்களில் சங்கீதங்களைப் படித்துக்கொண்டிருந்தவர். வேதத்தின் மற்றப் பகுதிகளில் நாம் பிறரைப் பற்றிப் படிக்கிறோம், சங்கீதத்தில் மட்டும் நம்மையே காண்கிறோம், அது படிப்பவனின் ஆன்மாவுக்கு ஒரு கண்ணாடி என்பது கடிதத்தின் சாரம். பகைவர் சூழ்ந்தால் எது, பாவம் உறுத்தினால் எது என்று நிலைமைக்கு ஒரு பாட்டாகப் பட்டியலும் போட்டுக் கொடுத்தார். நோய்க்கு மருந்து குறித்துக் கொடுக்கும் வைத்தியரின் சீட்டைப் போலவே இருக்கிறது அது. இரவல் சொல் என்பது அந்நியச் சொல் அல்ல, உடுத்த உடுத்த உடம்புக்குப் படிந்துவிடும் துணி என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் அவருக்கு முன் இல்லை.

மறு முனையில் அகஸ்தீன் நின்றார். ஏறத்தாழ 397க்கும் 400க்கும் இடையில் எழுதிய தன் வாழ்க்கைக் கதை முழுவதையும் கடவுளிடம் பேசும் பேச்சாகவே அமைத்தார். சிறுவயதில் பேரிக்காய் திருடியது, நண்பன் செத்தபோது அழுதது, தாய் மோனிக்கா இறந்தபின் அழுகையை அடக்க முயன்று தோற்றது எல்லாம் அதில் உண்டு. புரோபா என்ற செல்வந்த விதவை எப்படி ஜெபிப்பது என்று கேட்டபோது, சொற்களைவிடப் பெருமூச்சும் கண்ணீருமே அந்த வேலையைச் செய்யும் என்ற பொருளில் அவருக்குப் பதில் எழுதினார். ஆயிரக்கணக்கான சொற்களில் ஜெபம் எழுதியவரே இப்படிச் சொன்னார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கீழைத் திருச்சபையில் இந்த ஊற்று வற்றவில்லை. வான் ஏரிக்குத் தெற்கே நாரேக் மடத்தில் வாழ்ந்த அர்மேனியத் துறவி கிரிகோர், 1002 வாக்கில் 95 ஜெபங்கள் கொண்ட ஒரு நூலை முடித்தார். ஒவ்வொன்றும் உள்ளத்தின் ஆழத்திலிருந்து கடவுளோடு பேசும் பேச்சு என்ற குறிப்போடு தொடங்குகிறது. தன்மேல் தானே தொடுத்த வழக்கைப் போன்ற நூல். குற்றவாளியும் அவரே, வழக்கறிஞரும் அவரே. அர்மேனியர்கள் அதை நோயாளிகளின் தலையணைக்கடியில் வைக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. தனியொரு துறவியின் சொந்தச் சொல், ஒரு மக்கள் கூட்டத்துக்கே இரவல் சொல்லாக மாறியது. போப் பிரான்சிஸ் 2015இல் கிரிகோருக்குத் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டம் கொடுத்தார்.

மேலை நாடுகளில் நடந்தது வேறு. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், விவரம் தெரிந்த வயதுடைய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. சொந்த வாழ்க்கையின் குழப்பங்களைச் சொல்ல அது ஓர் இடம் கொடுத்தது. சொல்வது குருவின் காதில், குரு கேட்கும் கேள்விகளின் வரிசையில்.

தமிழ் இந்தக் கதைக்குள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். இயேசு சபையைச் சேர்ந்த அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி எழுத்தில் அச்சான நூல்களில் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழையது அதுவே. இரண்டு ஆண்டுகளில், 1580இல், பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிக்கும் 'கொம்பெசியோனாயரு' வெளியானது. முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக எழுதிய புத்தகங்கள் இவை. தமிழ் அச்சு தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே, தன் தவறுகளையும் தடுமாற்றங்களையும் எடுத்துச் சொல்ல வழிகாட்டும் நூல் ஒன்று தமிழருக்குக் கிடைத்துவிட்டது.

சீர்திருத்த சபைகளின் வரலாற்றில் சொந்தச் சொல்லுக்காக ஒருவர் சிறையில் இருந்தார். 1660இல் கைதாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபர்ட் சிறையில் கழித்த ஜான் பனியன், இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தை ஏற்க மறுத்தவர். சிறையிலிருந்தபடியே ஜெபத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி, அச்சிட்ட வரியைவிட முனகல் மேல் என்று வாதிட்டார். ஜெர்மனியில் 1687இல் நடந்தது இன்னும் விசித்திரம். லூனபர்க்கில் பிரசங்கம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த இறையியல் மாணவர் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கேவுக்குக் கடவுள் உண்டா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இருக்கிறாரா என்று தெரியாத கடவுளிடமே முழந்தாளிட்டு, காப்பாற்றும்படி கேட்டார். எழுந்தபோது சந்தேகம் போயிருந்தது என்று பின்னாளில் எழுதினார். எந்த ஜெபப் புத்தகத்திலும் அச்சிட முடியாத ஜெபம் அது.

பிராங்கே பிற்பாடு ஹாலே நகரத்தில் கட்டியெழுப்பிய பக்தி இயக்கத்திலிருந்துதான் 1706 ஜூலையில் பார்த்தலோமேயு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். உள்ளத்திலிருந்து சொந்தச் சொல்லில் ஜெபிப்பது இவர்களுக்கு உயிர்மூச்சு. ஆனாலும் தமிழில் முதலில் அவர்கள் செய்தது இரவல் சொல்லைத் தேடிக் கொடுத்ததுதான். சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்து, 1719இல் இறந்தார். மிச்சத்தைப் பெஞ்சமின் சூல்ட்சே 1720களில் முடிக்க, சங்கீதங்கள் தமிழ் அச்சில் வந்தன. அதே காலத்தில் வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, மகனை இழந்த மரியாளின் துயரத்தை 'அன்னை அழுங்கல் அந்தாதி' ஆக்கினார். கத்தோலிக்கர் ஒரு தாயின் அழுகையில் தம் அழுகையைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தடம் வேளாங்கண்ணியில் காணிக்கையாகும் வெள்ளிக் கண்கள், கைகால்கள் வரை நீள்கிறது. ஒரு சொல்லும் எழுதாத விண்ணப்பங்கள் அவை.

விண்ணப்பம் என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. பல்லவர் செப்பேடுகளில் அரசனிடம் நிலதானம் கேட்டவரின் வேண்டுகோளுக்குப் பெயர் அது. நம்மாழ்வாரின் திருவிருத்தம் முதல் பாட்டிலேயே அச்சொல்லைத் திருமால்முன் வைக்கிறது. மன்றாட்டு என்பதோ மன்றில் நின்று வழக்குரைப்பது. ஜெபம் வடமொழி ஜபம்; திரும்பத் திரும்ப உருவேற்றுவது. அவைக்கள முறையீடு, அரசனிடம் மனு, உருவேற்றல் என மூன்று பழக்கங்களிலிருந்து வந்த சொற்கள் தமிழ்க் கிறிஸ்தவர் வாயில் இன்று ஏறத்தாழ ஒரே பொருளில் புழங்குகின்றன.

இந்த இழைகள் எல்லாம் ஒரே மனிதரிடம் சேர்ந்தன என்றால் அவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, ஆழ்வார் பாசுரங்களைக் கேட்டு வளர்ந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். பனியனின் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளியானது. முதுகில் சுமையோடு நடக்கும் மனிதன்தான் அந்தக் கதையின் நாயகன். பெட்ஃபர்ட் சிறையாளி பழித்த அச்சிட்ட ஜெபத்தையும் மீறிய ஓர் இரவலை கிருஷ்ண பிள்ளை செய்தார்: கிறிஸ்துவிடம் தன் துயரத்தைச் சொல்லத் தமிழ்ப் பக்திப் பாட்டின் உருகலைக் கடன் வாங்கினார். பாரத்தை இறக்கி வைத்தேன், பாரத்தோடு ஜெபித்தேன் என்று சபைகளில் இன்றும் கேட்கும் பேச்சு அந்தச் சுமையை நினைவூட்டுகிறது.

பாடுகளைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைப் பிரபலமாக்கியது நியூயார்க். 1857 செப்டம்பர் 23ஆம் தேதி நண்பகல், ஃபுல்டன் தெருவிலிருந்த டச்சு சபையில் ஜெரமையா லான்ஃபியர் வேலைநேர ஜெபக் கூட்டம் ஒன்று அறிவித்தார். அரைமணி நேரம் தனியாகவே உட்கார்ந்திருந்தார். பிறகு ஆறு பேர் வந்தார்கள். சில வாரங்களில் வங்கிகள் முடங்கின, வியாபாரம் நொடித்தது, கூட்டம் தினந்தோறும் நடக்கத் தொடங்கியது. யாரும் ஐந்து நிமிடத்துக்குமேல் பேசக்கூடாது, மீறினால் மணி அடிக்கும். குடிகார மகனுக்காகத் தாய், மனந்திரும்பாத சகோதரனுக்காகத் தங்கை என்று எழுதி அனுப்பிய சீட்டுகளைப் பெயர் சொல்லாமல் வாசித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுத் துயரம் நூற்றுக்கணக்கானோரின் ஜெபமாகிவிட்டது. இந்த எழுப்புதலின் செய்தி கடல் கடந்தது. 1860இல் திருவில்லிபுத்தூர் அருகே கிறிஸ்டியான்பேட்டையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் நடத்திய சபைகளிலும் மக்கள் வாய்விட்டு அழுதார்கள், பாவங்களை அறிக்கையிட்டார்கள், சொந்தமாகப் பாட்டுக் கட்டினார்கள். வெள்ளைக்கார மிஷனரியின் மேற்பார்வை இல்லாமல் நடந்தது அது.

அதற்குப் பின் சொந்தச் சொல் வென்றுவிட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் எந்த உபவாச ஜெபத்திலாவது காது கொடுத்துக் கேட்டால், சொந்தச் சொல்லும் சீக்கிரம் வாய்ப்பாடாகிவிடுவது தெரியும். 'தகப்பனே' என்ற விளி ஒரே ஜெபத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். இன்னொரு இழப்பு பெரிது. 1986இல் வால்டர் புரூகமன் என்ற அமெரிக்க வேத அறிஞர், புலம்பலைத் தொலைத்ததற்குச் சபை பெரிய விலை கொடுக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். முறையிட இடமில்லாத வழிபாட்டில் கடவுளோடு உண்மையான பேச்சும் நியாயம் கேட்கும் துணிவும் போய்விடுகின்றன என்பது அவர் வாதம். நம் சபைகளின் சாட்சி நேரத்துக்கு இது அப்படியே பொருந்தும். வேலை கிடைத்தவர், சுகம் பெற்றவர் கையில் மைக் போகிறது. மூன்று வருடமாக ஜெபித்தும் பிள்ளை பிழைக்காத தாய்க்கு அந்த நேரத்தில் சொல்ல ஒன்றுமில்லை. அவள் சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கும் சங்கீதத்தையும் பெரும்பாலும் யாரும் அங்கே வாசிப்பதில்லை.

கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலையில் அது விடுபடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், படுக்கப் போகுமுன் சொல்லும் இரவுச் செபத்துக்கு உரியது அந்த 88ஆம் பாட்டுதான்.