இலவசச் சோதனைக் காலம்: அறிவிக்கும் முன் சிறு வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

"முதல் வாரம் இலவசம்" என்ற அறிவிப்பை டியூஷன் நிலையங்கள், நடன வகுப்புகள், உடற்பயிற்சிக் கூடங்கள் எனப் பல இடங்களில் காணலாம். மாதந்தோறும் கட்டணம் பெறும் ஒரு சேவையைக் குறிப்பிட்ட சில நாள்களுக்குப் பணம் வாங்காமல் வழங்கி, பிடித்திருந்தால் உறுப்பினராகச் சேரச் சொல்வதே இலவசச் சோதனைக் காலம் ஆகும்.

இரண்டு வகை

முதல் வகையில் வாடிக்கையாளர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் கொடுப்பார். காலம் முடிந்ததும் சேர விரும்பினால் பணம் கட்டுவார். இரண்டாம் வகையில் வங்கி அட்டை விவரம் முன்கூட்டியே பெறப்படும். அவர் ரத்து செய்யாவிட்டால் கட்டணம் தானாகவே பிடிக்கப்படும்.

இரண்டாம் வகையில் வணிகருக்குப் பணம் வருவது எளிது. ஆனால், மறதியால் பணம் பறிபோனவர் திரும்பி வரமாட்டார். மாதக் கடைசியில் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த 80 வெள்ளி சொல்லாமல் கொள்ளாமல் கணக்கிலிருந்து போனால், அந்தச் செய்தி தோட்டத்திலும் தாமானிலும் ஒரே நாளில் பரவிவிடும். ஊரறிந்த முகங்களை நம்பித் தொழில் செய்யும் சிறு வணிகருக்கு முதல் வகையே பாதுகாப்பானது.

கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்

ஓர் எடுத்துக்காட்டு: மாதக் கட்டணம் 80 வெள்ளி. ஒருவருக்கு ஒரு வாரம் இலவசமாகச் சேவை வழங்க 10 வெள்ளி செலவாகிறது. பத்துப் பேர் வந்தால் செலவு 100 வெள்ளி. அவர்களில் மூவர் சேர்ந்தால் முதல் மாத வசூல் 240 வெள்ளி. ஒருவர் மட்டுமே சேர்ந்தால் வசூல் 80 வெள்ளி. சோதனைக்குச் செலவிட்ட பணம்கூட முதல் மாதத்தில் திரும்பாது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, மூன்றாம் மாதமும் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்பதே முக்கியம்.

காலி இருக்கைகள் உள்ள வகுப்பில் கூடுதலாக ஒருவரைச் சேர்க்க அதிகம் செலவாகாது. ஒருவருக்கென்றே தனியாக நேரம் ஒதுக்கும் சேவையில் ஒரு முறைக்கு மேல் இலவசம் கொடுப்பது கையைக் கடிக்கும்.

எத்தனை நாள்?

சேவையின் பயன் தெரிய எவ்வளவு நாள் தேவையோ, அவ்வளவு போதும். டியூஷனுக்கு இரண்டு வகுப்புகள் போதலாம். கடைக் கணக்கு எழுத உதவும் மென்பொருளுக்கு ஒரு மாதக் கணக்காவது முடிந்தால்தான் பயன் புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலவசம் என்று அறிவித்துவிட்டு, அறிவித்தபடி கொடுக்கும் எண்ணமே இல்லாமல் இருப்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையில் ரத்து செய்யவும் அச்சட்டம் வழிசெய்கிறது. அப்போது வணிகர் கேட்கக்கூடிய தொகைக்கும் வரம்பு உண்டு.

பாதிக்கப்பட்டவர் 5 வெள்ளி கட்டணத்தில் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். வாடிக்கையாளர் தரும் பெயர், தொலைபேசி எண் போன்றவற்றை 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டே பயன்படுத்த வேண்டும்.

விசா நிறுவனமும் 2020 ஏப்ரல் முதல் விதிகளைக் கடுமையாக்கியது. இலவசக் காலம் முடிந்து அட்டையிலிருந்து பணம் எடுப்பதற்குக் குறைந்தது 7 நாள்களுக்கு முன்பே வாடிக்கையாளருக்கு நினைவூட்ட வேண்டும். இணையத்திலேயே எளிதாக ரத்து செய்யவும் வழி இருக்க வேண்டும்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

• இலவசக் காலம் முடியும் தேதி
• அதன் பிறகு மாதக் கட்டணம் எவ்வளவு
• நுழைவுக் கட்டணமோ வைப்புத்தொகையோ உண்டா
• நிறுத்த விரும்பினால் யாரிடம், எப்படிச் சொல்வது

இந்த நான்கையும் ஒரே தாளில், வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுத்து, ஒரு படியை வணிகரும் வைத்துக்கொள்வது நல்லது. காலம் முடியும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டல் அனுப்பினால் போதும். "வேண்டாம்" என்று சொல்பவரை முகம் சுளிக்காமல் அனுப்பி வைத்தால், அவரே நாளை இன்னொருவரை அழைத்து வரக்கூடும்.