பள்ளிக்கூடத்துக்குக் கணினி வந்த கதை: பாதுகாப்புப் பாடம் மட்டும் ஏன் தாமதம்?



போன வாரம் எங்கள் கல்லூரியில் ஒரு விவாதம். தலைப்பு, "பள்ளி மாணவர்களுக்குச் செல்போன் தேவையா?". ஒரு பக்கம் "காலம் மாறிப்போச்சு" என்றார்கள். இன்னொரு பக்கம் "பிள்ளைகள் கெட்டுப்போறாங்க" என்றார்கள். மேஜையைத் தட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓடியது. வழக்கமாக இந்த மாதிரி இடங்களில் வாயை மூடாத நான் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம், என்னோடு பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண். அதைப் பிறகு சொல்கிறேன்.

வரலாற்று மாணவன் என்பதால் எனக்கு வேறொரு கேள்வி வந்தது. நம் பள்ளிகளுக்குக் கணினி வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதை எப்படிப் பத்திரமாகப் பயன்படுத்துவது என்ற பாடம் எப்போது வந்தது? தேடிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்!

கணினியைக் காப்பாற்றிய காலம்

இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்வி பெரிய அளவில் தொடங்கியது 1984-85 கல்வியாண்டில். மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயர் 'க்ளாஸ்'. பள்ளிகளில் கணினி அறிவும் கல்வியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. முதல் கட்டமாகச் சுமார் 250 மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கணினி போனது.

அந்தக் கணினி இங்கிலாந்தின் 'பிபிசி மைக்ரோ'. பிபிசி நிறுவனம் தன் கணினி அறிவுத் திட்டத்துக்காக ஏகார்ன் என்ற நிறுவனத்திடம் சொல்லிச் செய்த எந்திரம், 1981-இல் வெளிவந்தது. அதில் பரவலாக விற்ற மாடலின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். சிரிக்காதீர்கள்! இன்று நாம் வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் ஒரு புகைப்படமே அதைவிடப் பெரியது.

இங்கிலாந்தில் அந்தக் கணினியோடு சேர்த்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் வந்தது, புத்தகமும் வந்தது. இங்கே பெட்டி வந்துவிட்டது. கற்றுக்கொடுக்க வேண்டிய ஆசிரியர்களுக்கோ சில வாரப் பயிற்சிதான். மென்பொருள் ஆங்கிலத்தில் இருந்தது, அதுவும் அந்த ஊர் வகுப்பறைக்கு எழுதியது.

அந்தக் காலத்தில் இணையப் பாதுகாப்பு என்ற பேச்சே எழ முடியாது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-இல்தான், வி.எஸ்.என்.எல். மூலமாக. அப்போது பள்ளியில் 'கணினிப் பாதுகாப்பு' என்றால் மாணவனிடமிருந்து கணினியைப் பாதுகாப்பது என்று பொருள்! அந்தப் பழக்கம் என் காலம் வரை தொடர்ந்தது. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போதுகூட லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மானிட்டருக்குத் துணி போர்த்தியிருக்கும். ஒரு கணினிக்கு ஆறு பேர். மவுஸைத் தொட்டவன் பாக்கியவான்.

சுவரில் ஓர் ஓட்டை

1999 ஜனவரி 26. டெல்லியின் கல்காஜி பகுதியில் என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தின் சுவரில் ஓர் ஓட்டை போட்டு, அதில் இணைய இணைப்புள்ள ஒரு கணினியைப் பதித்தார் சுகதா மித்ரா. சுவருக்கு அந்தப் பக்கம் குடிசைப் பகுதி. அங்கிருந்த பிள்ளைகள் ஆசிரியர் யாரும் இல்லாமலே படம் வரையவும் இணையத்தில் உலவவும் கற்றுக்கொண்டார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட சோதனை இது.

"பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொள்வார்கள்" என்ற பகுதியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அந்தத் திரை தெருவைப் பார்த்து இருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. பிள்ளைகளும் கூட்டமாக நின்றுதான் பார்த்தார்கள். திரை பொது இடத்தில் இருப்பதால் தவறான பக்கங்களுக்குப் போவது குறைகிறது என்று மித்ரா பின்னர் வாதிட்டார். அதாவது தெருவின் கண்களே அங்கே பாதுகாப்பு.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். திரை எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மீதிக் கதை முழுக்க இதுதான்.

நாலரை அடித் தடுப்பு

2000-களில் நம் ஊர்ப் பையன்களுக்கு இணையம் என்றால் பிரவுசிங் சென்டர்தான். என் அக்காவின் ப்ளஸ் டூ ரிசல்ட்டை அங்கேதான் பார்த்தோம். நான் அப்போது சின்னப் பையன். பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, மின்விசிறி சத்தம், பதிவெண்ணை இரண்டு முறை தப்பாக அடித்த அக்காவின் நடுங்கும் விரல்கள்... எல்லாம் நினைவிருக்கிறது.

அந்தத் தடுப்புகளுக்கு அரசு ஓர் அளவு வைத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தது. அதன் கீழ் 2011 ஏப்ரலில் பிரவுசிங் சென்டர்களுக்கு விதிகள் வந்தன. தடுப்பு தரையிலிருந்து நாலரை அடி உயரத்தைத் தாண்டக்கூடாது. தடுப்பு இல்லாத இடங்களில் திரை வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பெற்றோரோ காப்பாளரோ உடன் இல்லாமல் சிறுவர்களைத் தடுப்புக்குள் விடக்கூடாது. யார் வந்தார்கள், எந்தப் பக்கங்கள் பார்க்கப்பட்டன என்ற பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும்.

கல்காஜி சுவரின் அதே யோசனை. நாலு பேர் கண்ணில் படும்படி வை!

அதே 2011-இல் செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டில் மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் அதைப் பெற்றார்கள். என் அக்கா லேப்டாப் வாங்கிக்கொண்டு வந்த நாளில் எங்கள் தெருவே வீட்டுக்கு வந்தது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதல் கணினி அது. அக்கா இன்று ஒரு வேலையில் இருக்கிறாள் என்றால் அந்தப் பெட்டிக்கும் அதில் பங்கு உண்டு. திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் வரலாறு என்ற கண்ணோடு பாருங்கள். ஏப்ரலில் தடுப்புக்கு நாலரை அடி என்று அளவு வைத்தோம். செப்டம்பரில் திரை வீட்டுக்கே போய்விட்டது. 2016-இல் 4ஜி டேட்டா மலிவானபோது அது உள்ளங்கைக்குள்ளேயே வந்துவிட்டது. இப்போது நாலரை அடியை எங்கே போய் அளப்பது? பக்கத்தில் இருந்து பார்க்கும் கண்கள் போய்விட்டன. அந்த இடத்தில் பாடம் வந்திருக்க வேண்டும். என் அக்காவுக்கு லேப்டாப்போடு ஒரு பை வந்தது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே என்றுகூட அவள் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

பூட்டா, பாடமா?

நாம் மட்டும்தான் இப்படியா? அமெரிக்காவைப் பார்த்தேன். அங்கே 1996-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியாகப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சலுகை விலையில் இணைய இணைப்பு கிடைத்தது. 2000-இல் இன்னொரு சட்டம் வந்தது. இணையத்துக்கான சலுகை வேண்டுமானால் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டி மென்பொருளைப் போட்டாக வேண்டும் என்றது. அதாவது பூட்டு. பேச்சுரிமை பறிபோகிறது என்று நூலகர்கள் வழக்குப் போட்டார்கள். 2003-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

பூட்டு போட்டாயிற்று, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. வகுப்புத் தோழனே கேலி செய்து எழுதினால் எந்த வடிகட்டி தடுக்கும்? 2008-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சமூக வலைத்தளங்களிலும் அரட்டை அறைகளிலும் எப்படி நடந்துகொள்வது, இணையவழித் துன்புறுத்தல் வந்தால் என்ன செய்வது என்று சலுகை பெறும் பள்ளிகள் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று சேர்த்தார்கள். பூட்டுக்கும் பாடத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள்!

நம் நாட்டிலும் ஏறக்குறைய அதே வரிசைதான். 2017 ஆகஸ்டில் 'ப்ளூ வேல்' பயம் நாடு முழுக்கப் பரவியபோது சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதலை அனுப்பியது. வடிகட்டி போடு, கண்காணி, அனுமதியில்லாமல் மின்னணுக் கருவி கொண்டுவர விடாதே என்பவை அதில் முக்கியமானவை. தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் கணினி நன்னெறி, இணையப் பாதுகாப்பு பற்றி ஓர் இயல் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது கணினி அறிவியல் குரூப் எடுத்தவனுக்கு. அதற்கு முன் எத்தனையோ வருடம் போன் கையில் இருந்தாயிற்றே!

2020

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்த கதை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. அந்த ஜூனில் நான் பத்தாம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால் டிவியில் பாடம் ஓடியது. எங்கள் பள்ளி ஆன்லைன் வகுப்பும் வைத்தது. ஒரு நாள் கேமராவில் ஒரு மாணவி கொட்டாவி விட்டாள். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டார்கள். மாலைக்குள் அது வாட்ஸ்அப் ஸ்டிக்கர். இரண்டு நாளில் அதன் மேல் வசனங்கள் ஏறின. நான்காம் நாள் எழுத முடியாத வசனங்கள். எங்களுக்குத் தெரியாத நம்பர்களிலிருந்தெல்லாம் அது திரும்பி வந்தது.

பள்ளி என்ன செய்தது? "மாணவிகள் எல்லோரும் கேமராவை ஆஃப் செய்யவும்" என்று ஒரு செய்தி அனுப்பியது. அவள் வீட்டில் என்ன செய்தார்கள்? போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். போன் போனதும் வகுப்பும் போயிற்று. அந்த வருடம் பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி. ப்ளஸ் ஒன் சேர்க்கைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

தப்பு செய்தவர்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பாதிக்கப்பட்டவளுக்குத்தான் போனும் போச்சு, படிப்பும் போச்சு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் வந்த அந்த ஸ்டிக்கரை நானும் ஒரு தடவை அனுப்பினேன். விளையாட்டாகத்தான். அது குற்றமாகப் போய் முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நானாகவும் யோசிக்கவில்லை. விவாதத்தில் நான் ஊமையாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

2021 மே மாதம், ஆன்லைன் வகுப்புகளில் ஆசிரியர்களின் நடத்தை பற்றிப் புகார்கள் எழுந்தபோது, தமிழ்நாடு அரசு சில விதிகளைக் கொண்டுவந்தது. வகுப்புகள் முழுவதையும் பதிவு செய்ய வேண்டும், நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் கொண்ட குழு அவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நாலரை அடித் தடுப்பின் ஆன்லைன் வடிவம் என்று சொல்லலாம். தேவையானதுதான். ஆனால் வகுப்பு முடிந்த பிறகு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நடப்பதை அந்தக் குழு பார்க்காதே!

பக்கத்து மாநிலத்தில் ஒரு வழி

கேரளாவில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் 'கைட்' என்ற அமைப்பு, 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் சங்கங்களைப் பள்ளிகளில் தொடங்கியது. 2022-இல் இந்த மாணவர்களை வைத்தே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். பிள்ளை பாடம் எடுக்கிறது, அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார்! போனைப் பிடுங்கத்தான் தெரியும் என்றிருக்கும் வீட்டில், அதைப் பற்றிப் பேசவும் ஒரு வழி பிறக்கிறது இல்லையா?

என் தாழ்மையான கருத்து

சட்டம் நம்மிடம் இருக்கிறது. குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்களைப் பரப்புவது குற்றம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 67பி பிரிவு 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. போக்சோ 2012-இல் வந்தது. சைபர் குற்றங்களுக்கு 1930 என்ற எண் இருக்கிறது, குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. 2019-இல் தொடங்கிய தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலே தெரிவிக்கலாம். இதில் ஒன்றுகூட அன்றைக்கு எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த நாற்பது வருடத்தில் நான் பார்த்தது இதுதான். பொருளைக் கொடுப்பது சுலபம், ஒரு நாளில் விழா வைத்துக் கொடுத்துவிடலாம். பூட்டு போடுவதும் சுலபம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதுதான் கஷ்டம், அதனால் அது எப்போதும் கடைசியில் வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பீரியட் போதும். எதை அனுப்பக்கூடாது, வந்தால் எப்படிச் சான்று எடுத்து வைப்பது, யாரிடம் சொல்வது. எல்லாவற்றுக்கும் மேலே, "நீ வந்து சொன்னால் உன் போனைப் பிடுங்க மாட்டோம், உன்னைத் திட்ட மாட்டோம்" என்று பெரியவர்கள் தரும் ஒரு வாக்கு. அந்த வாக்கு மட்டும் இருந்திருந்தால் அவள் முதல் நாளே வந்து சொல்லியிருப்பாள்.

இதைப் படிக்கும் என் பழைய வகுப்புத் தோழர்களுக்கு: அந்த ஸ்டிக்கர் இன்னும் யார் போனிலாவது இருந்தால் தயவு செய்து அழித்துவிடுங்கள். நான் அழித்துவிட்டேன். ஐந்து வருடம் தாமதமாக.

மற்ற நண்பர்கள் உங்கள் பள்ளியில் இந்தப் பாடம் இருந்ததா, யார் சொல்லித் தந்தார்கள் என்று எழுதுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.