எறிந்த ஊசியின் வரலாறு

மருத்துவமனைக் கழிவைப் பற்றிப் பேசப் புகுந்தால் நேயர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும், நோய் தீர்க்கும் இடமே நோய் பரப்பும் இடமாகிவிடாமல் காக்க மனிதன் செய்த முயற்சியின் வரலாறு இக்கழிவினுள் அடங்கியிருக்கிறது. ஆதலின் சற்றே செவிசாய்க்க வேண்டுகிறேன்.

1679-ஆம் ஆண்டில் பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர், மூடிய கலத்தில் நீராவியை அடக்கி, எலும்பையும் மெத்தென வேகவைத்துக் காட்டினார். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1879-இல், பாஸ்டரின் உதவியாளர் சாம்பர்லாந்து அதே தத்துவத்தைக் கொண்டு கிருமிகளைக் கொல்லும் கலம் ஒன்றை அமைத்தார். அதுவே ஆட்டோகிளேவ். கொதிநீரிலும் சாகாத கிருமி வித்துக்கள், அழுத்தம் மிகுந்த நீராவியின் 121 டிகிரி வெப்பத்தில் மடிந்தன. கண்ணாடிச் சிரிஞ்சும் எஃகு ஊசியும் துணிக்கட்டும் மீண்டும் மீண்டும் பயன்பட்டன. குப்பைக்குச் சென்றவை சொற்பமே.

ஆனால் இச்சிக்கனம், கருவியைக் கையாள்வோரின் கவனத்தை நம்பி நின்றது. எகிப்து நாட்டில் 1950-களிலிருந்து 1980-கள் வரை, பில்ஹார்சியா என்னும் புழுநோயை ஒழிக்க மக்களுக்கு ஊசி மருந்து செலுத்தினார்கள். சரிவரத் தூய்மை செய்யப்படாத சிரிஞ்சுகள் பலருக்கும் பயன்பட்டன. மருந்து பெற்ற மக்களிடையே, கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் பரவியது. உயிர் காக்க வந்த ஊசியே உயிருக்கு உலை வைத்தது.

ஒருமுறை குத்தி எறியும் ஊசி பிறந்ததற்குச் சோம்பல் காரணமன்று. இத்தகைய ஆபத்தைப் பற்றிய அச்சமே முதற் காரணம். 1954-இல் அமெரிக்காவில் நடந்த போலியோத் தடுப்பூசிச் சோதனைக்கு அத்தகைய கண்ணாடிச் சிரிஞ்சுகள் பெருமளவில் செய்யப்பட்டன. 1956-இல் நியூஸிலாந்து மருந்தாளர் காலின் மர்டாக், பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குக் காப்புரிமை பெற்றார்.

அச்சம் நீங்கியது, குப்பை மலிந்தது. 1987, 1988-ஆம் ஆண்டுகளில் நியூயார்க், நியூஜெர்ஸி கடற்கரைகளில் சிரிஞ்சுகள் ஒதுங்கின. 'எரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது' என்று பலர் எண்ணினர். ஆனால் குளோரின் கலந்த பி.வி.சி. பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்ஸின் என்னும் கொடு நஞ்சு எழுகிறது. மருத்துவக் கழிவை எரிக்கும் உலைகள் அந்நஞ்சின் பெரும் ஊற்றுக்களுள் ஒன்று என்பதை 1994-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் எடுத்துக்காட்டியது. அதன் பின் அங்கே பெரும்பாலான உலைகள் மூடப்பட்டன.

அப்படியானால் வழி என்ன? பழைய நீராவிக் கலமே மீண்டும் கைகொடுத்தது என்பதுதான் இவ்வரலாற்றில் என்னை வியக்கவைக்கும் செய்தி. நம் நாட்டில் 1998-இல் மருத்துவக் கழிவு விதிகள் பிறந்தன, 2016-இல் புதுப்பிக்கப்பட்டன. மாசுபட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பையில் சேர்ந்து, நீராவியில் தூய்மை பெற்று, துண்டாக்கப்பட்டு, மறுபயனுக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகளையும் கையுறைகளையும் படிப்படியாக விலக்கவும் அவ்விதிகள் பணித்தன.

மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு சாதாரணக் குப்பையே என்கிறது உலக சுகாதார நிறுவனம். எஞ்சிய 15 விழுக்காடு அதனுடன் கலந்துவிட்டால், முழுவதும் ஆபத்தானதாகிவிடும். ஆகவே, கழிவு பிறக்கும் இடத்திலேயே, நோயாளியின் கட்டிலருகிலேயே, அதைப் பிரித்து வைப்பது தலையாய கடமை. கலம் எத்துணைச் சிறந்ததாயினும், எந்தப் பையில் எதை இடுவது என்று அறிந்த ஒரு செவிலியின், ஒரு துப்புரவுப் பணியாளரின் கை அதற்கு முன்னே வேண்டும். எகிப்து நாட்டுச் சிரிஞ்சுகள் நமக்கு உணர்த்துவதும் அக்கவனத்தின் அருமையையே என்று கருதுகிறேன்.