நொய்யல் கரையின் கல்லறைகள்



ஆதம் (அலை) அவர்களின் மகன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டு, உடலை என்ன செய்வதென்று அறியாது திகைத்தான். அப்போது ஒரு காகம் மண்ணைக் கீறி அவனுக்கு வழி காட்டியதைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. இறந்தவரை அடக்கம் செய்வது மனித குலத்தின் மிகப் பழைய கடமை. அதற்கு நம் மண்ணும் சாட்சி சொல்கிறது.

நம் சோமனூர்ப் பகுதி வழியே ஓடும் நொய்யல், திருப்பூரைக் கடந்து கிழக்கே சென்று ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலை அடைகிறது. 1985ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் முதலானோர் அங்கு அகழாய்வு நடத்தினர். 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட பெருங்கற்கால ஈமக்காடு ஒன்று அங்கே வெளிப்பட்டது.

அம்மக்கள் குழி தோண்டி, நான்கு புறமும் பலகைக் கற்களை நிறுத்தி அறை அமைத்தனர். ஒரு கல்லில் துளையிட்டனர். மேலே பெரும் மூடுகல்லை வைத்து, சுற்றிலும் கல்வட்டம் அமைத்தனர். உள்ளே நான்கு கால் சாடிகளையும், கிண்ணங்களையும், இரும்பு வாட்களையும் வைத்தனர். ஒரே ஈமக்குழியில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. பெரும்பாலும் உடலை முதலில் வேறிடத்தில் வைத்திருந்து, பின்னர் எலும்புகளைச் சேகரித்து வந்தே இங்கு அடக்கினர். அதாவது, ஒரே மரணத்திற்காக உறவினர் இருமுறை கூடினர்.

தெற்கே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் மக்கள் பெரிய மண்தாழிகளில் தம் இறந்தோரை அடக்கினர். அங்கு 1876இல் ஜெர்மானியரான ஜாகர் முதன்முதலில் அகழ்ந்தார். பின்னர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது பொன் நெற்றிப் பட்டங்களும் கிடைத்தன.

சகோதரர்களே! அவர்களின் நம்பிக்கை வேறு. நம் நம்பிக்கை வேறு. நாம் கப்ரில் பொருள் வைப்பதில்லை; வெண்ணிறக் கஃபன் துணி ஒன்றே போதும். ஆனால் அந்த மூடுகல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதைத் தனியொருவனால் தூக்க முடியாது. ஊரே கை கொடுத்திருக்க வேண்டும். நம் மார்க்கம் ஜனாஸாவை ஃபர்ளு கிஃபாயா என்று ஆக்கியதும் இதற்காகவே. சிலர் நிறைவேற்றினால் கடமை நீங்கும். ஒருவரும் முன்வராவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும்.

சென்ற ஆண்டு, பிழைப்புக்காகத் தறிக்கு வந்த வெளிமாநில இளைஞர் ஒருவரின் ஜனாஸாவை இங்கு தொழ வைத்தேன். உற்றார் அருகில் இல்லை. மூன்று வரிசை நிறையவில்லை. தறிகளின் ஓசை மட்டும் பள்ளிவாசல் வரை கேட்டுக்கொண்டிருந்தது. அன்று என் நெஞ்சு கனத்தது.

கொங்கு நாட்டில் இத்தகைய கல்வட்டங்கள் பலவற்றை, நிலத்தைச் சமன் செய்யவும் கல் எடுக்கவும் கலைத்துவிட்டனர். ஒரு யூதரின் பிரேதம் கடந்து சென்றபோது, அதுவும் ஓர் உயிரே என்று உணர்த்தி எழுந்து நின்றவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அவர்களின் உம்மத்தினராகிய நாம், உங்கள் தோட்டத்து ஓரத்தில் கல்வட்டம் இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். ஊரில் ஒரு ஜனாஸா எழுந்தால், அது யாருடையது என்று கேட்கும் முன் தோள் கொடுங்கள்.

இறந்தோரைக் கண்ணியப்படுத்தும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.