நோயாளியின் பெயரால் ஓர் இல்லம்

நாம் ‘மருத்துவமனை’ என்கிறோம். மருத்துவத்தின் பெயரால் அவ்வில்லத்தை அழைக்கிறோம். முற்கால முஸ்லிம்கள் வழங்கிய சொல்லோ ‘பீமாரிஸ்தான்’. பாரசீகத்தில் ‘பீமார்’ என்பது நோயாளி. ‘ஸ்தான்’ என்பது இடம். நோயாளியை முன்வைத்து எழுந்த பெயர் இது. பெயருக்கேற்பக் கட்டடமும் அமைந்ததா என்று பார்ப்போம்.

ஹிஜ்ரி 683-ல், அதாவது கி.பி. 1284-ல், மம்லூக் ஸுல்தான் மன்ஸூர் கலாவூன் கெய்ரோவில் ஒரு பீமாரிஸ்தானை எழுப்பினார். அவ்விடம் முன்னர் ஃபாத்திமீ கலீஃபா அஸீஸின் மகள் ஸித்துல் முல்க்கின் மாளிகையாக இருந்தது. நடுவே திறந்த முற்றம், நாற்புறமும் முன்பக்கம் திறந்த ‘ஈவான்’ எனும் உயர்ந்த கூடங்கள், அவற்றில் நீரூற்றுகள். இளவரசி வாழ்ந்த அந்த அமைப்பு நோயாளிகளுக்கு உரியதாயிற்று.

யாருக்கு எவ்விடம் என்பதை வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதி வைத்துள்ளார். நான்கு ஈவான்களும் காய்ச்சல்காரர்களுக்கு. கண்ணோயாளர், காயமுற்றோர், வயிற்றுப்போக்குடையோர் ஆகியோருக்குத் தனித்தனிக் கூடங்கள். பெண்களுக்குத் தனியிடம். எல்லாப் பகுதிகளிலும் ஓடும் நீர். இப்பகுப்பின் பயனை நாம் எளிதில் உணரலாம். காய்ச்சலால் வேகும் உடலுக்குக் காற்றும் குளிர்ச்சியும் வேண்டும். வயிற்றுப்போக்குடையவர் தனித்திருந்தால் அவருக்கும் கூச்சமில்லை, அடுத்தவருக்கும் இடரில்லை.

உதுமானிய ஸுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488-ல் எதிர்னேயில் முடித்த ‘தாருஷ்ஷிஃபா’வில் இவ்வெண்ணம் மேலும் வளர்ந்தது. குவிமாடத்தின் கீழ் நடுக்கூடம். அதன் மையத்தில் நீரூற்று. சுற்றிலும் நோயாளர் அறைகள். அங்கே நோயாளிகளுக்காக இசைவாணர்கள் இசைத்ததைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி குறித்துள்ளார். உடலுக்கு மட்டுமன்றிச் செவிக்கும் மனத்துக்கும் அங்கே இடமிருந்தது.

ஆயினும், பெருமையை மட்டும் பேசி நிறுத்துவது வரலாறாகாது. கலாவூனின் கட்டடப் பணியை மேற்பார்த்த அமீர் ஸன்ஜர் ஷுஜாயீ, வழியே சென்றோரையும் பிடித்து வேலை வாங்கியதை மக்ரீஸியே மறைக்காமல் எழுதுகிறார். அதனால் மார்க்கப் பற்றுடையோர் சிலர் அவ்வளாகத்து மத்ரஸாவில் தொழுவதைத் தவிர்த்தனர். நோயாளியின் நலனை எண்ணிய திட்டம், கல் சுமந்தவனின் உரிமையை எண்ணவில்லை.

இவ்விரண்டும் நமக்குப் பாடமே. இன்று நம் ஊர்களில் ஜமாஅத்தின் பொருளாலும் வக்ஃபின் வருவாயாலும் மருத்துவ நிலையங்கள் எழுகின்றன. முகப்புக்குச் சலவைக்கல் தேடுமுன், முதியவர் ஏறும் படியையும், காய்ச்சலில் கிடப்பவருக்குக் காற்று வரும் சாளரத்தையும், துணைக்கு வந்த தாய் இரவில் தலைசாய்க்கும் இடத்தையும் எண்ணிப் பார்ப்போமாக. கட்டுகிறவனின் கூலியும் அவன் வியர்வை உலருமுன் அவன் கையைச் சேரட்டும்.