அப்பாவின் எட்டுப் பக்கப் புத்தகமும் பேஜ்மேக்கரும்

போன குளிர்காலத்தில் பேஸ்மென்ட்டை ஒழுங்கு பண்ணும்போது ஒரு சிடி கிடைத்தது. மேலே மார்க்கர் பேனாவால் அப்பாவின் கையெழுத்து: "ஊர்க் கதை - 2003". அப்பா 2011-ல் போய்விட்டார். டொரண்டோவில் வெளியே மைனஸ் 18. தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க அரை மணி நேரம் ஆச்சு.

அந்த சிடிக்குள் இருந்தது ஒரே ஒரு பேஜ்மேக்கர் ஃபைல். டைப் செய்து, பக்கம் கட்டி, அச்சுக்கு அனுப்பியது எல்லாம் நான்தான். பழைய லேப்டாப்பில் பேஜ்மேக்கர் இன்னும் இருந்ததால் ஃபைல் திறந்தது. ஆனால் தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக எட்டுப் பக்கக் குப்பை. தப்பு என்னுடையதுதான். ஃபைலை சிடியில் எழுதினேன், ஃபாண்ட்டை எழுதவில்லை.

அந்தக் குப்பைக்குள் அப்பாவை மறுபடி தேடின கதைதான் இது. நடுவில் கொஞ்சம் சரித்திரமும் வரும், பொறுத்துக்கோங்க.

ராமகுப்பம் எங்கே இருக்கு?

தெரியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டினால் குப்பம் வரும். ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகா. அந்தக் குப்பத்துக்குப் பக்கத்து மண்டலம்தான் எங்க ராமகுப்பம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டின் பகுதிகளும் அதில் போயின. 1960 ஏப்ரல் 1-ல் எல்லை திருத்தப்பட்டு திருத்தணி மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. நாங்கள் ஆந்திராவிலேயே இருந்தோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டோடு கொஞ்சம் கன்னடமும். எனக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தந்தது பள்ளிக்கூடம் இல்லை, அப்பா. அப்பாவுக்குச் சொல்லித் தந்தது ஆயா, திண்ணையில் மணல் பரப்பி.

2002-ல் எங்க பக்கம் திடீரென்று கம்ப்யூட்டர் பேச்சாக இருந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் ஹியூலெட்-பேக்கர்ட் கம்பெனி, ஆந்திர அரசோடு சேர்ந்து குப்பத்தில் ஐ-கம்யூனிட்டி என்ற மூன்று வருஷத் திட்டத்தை ஆரம்பித்தது. தகவல் மையங்கள் வந்தன. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் டிஜிட்டல் கேமராவும் சூரிய ஒளியில் ஓடும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். சாதாரண ஜனங்களுக்கு "கம்ப்யூட்டர் கத்துக்கிட்டா பொழைச்சுக்கலாம்" என்ற நம்பிக்கை அப்போதுதான் வந்தது. நானும் பஸ் ஏறி குப்பம் போய் ஒரு டிடிபி சென்டரில் சேர்ந்தேன். மூன்று மாதக் கோர்ஸ். பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப், கோரல்டிரா.

ஆல்டஸ் என்றொரு வெனிஸ்காரர்

பேஜ்மேக்கரை உருவாக்கியது அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்த ஆல்டஸ் கம்பெனி. ஆரம்பித்தவர் பால் பிரெய்னெர்ட், பத்திரிகைத் தொழிலில் இருந்து வந்தவர். கம்பெனிக்கு அவர் வைத்த பெயர் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற வெனிஸ் நகர அச்சக்காரருடையது. அந்தப் பெரியவர் 1501-ல் சாய்வெழுத்தில் கையடக்கப் புத்தகம் போட்டு, படிப்பைப் பெரிய மேஜையிலிருந்து சட்டைப்பைக்குக் கொண்டுவந்தவர்.

1985-ல் மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்தது: ஆப்பிளின் மெக்கின்டாஷும் லேசர்ரைட்டர் பிரிண்டரும், அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், ஆல்டஸின் பேஜ்மேக்கர். அதுவரை பக்கம் கட்டுவது என்றால் கோர்த்த எழுத்தைப் பிரதி எடுத்து, கத்தரியால் வெட்டி, அட்டையில் ஒட்டுவது. பேஜ்மேக்கர் அந்த மேஜையைத் திரைக்குள் கொண்டுவந்தது. பக்கத்தைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தின் பெயரே பேஸ்ட்போர்டு. "டெஸ்க்டாப் பப்ளிஷிங்" என்ற பேரும் பிரெய்னெர்ட் கொடுத்ததுதான். அதன் சுருக்கம்தான் நம்ம ஊர் முச்சந்தியில் தொங்கின டிடிபி போர்டு. 1994-ல் ஆல்டஸ் அடோபியோடு சேர்ந்தது. கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-ல். அதற்குள் 1999-லேயே இன்டிசைன் வந்துவிட்டது.

தமிழுக்கு இந்தக் கதை ரொம்பப் பழசு. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம்தான். இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் எழுத்திலேயே இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. பிறகு தரங்கம்பாடியில் சீகன்பால்குக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. ரொம்பப் பெரிசாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை, சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, னை, றா மாதிரி எழுத்துகளின் தனி வடிவங்கள் போயின. பெரியார் 1935-லேயே குடியரசில் ஆரம்பித்த மாற்றம். எழுத்து குறைந்தால் அச்சுக் கோர்க்கிறவருக்கும் டைப் அடிக்கிறவருக்கும் வேலை மிச்சம். எழுத்தையும் கருவியையும் பொருத்துவதுதான் தமிழ் அச்சின் நிரந்தரத் தலைவலி. டிடிபி சென்டரில் என் முன்னால் உட்கார்ந்திருந்ததும் அதே தலைவலிதான்.

கத்துக்கிட்ட பாடம்

முதல் வாரம் மாஸ்டர் பேஜ். மார்ஜின், காலம், பக்க எண்ணை ஒரு தடவை அங்கே போட்டால் எல்லாப் பக்கத்துக்கும் வந்துவிடும். இரண்டாவது வாரம் டெக்ஸ்ட் பிளாக். மேலும் கீழும் ஜன்னல் திரை மாதிரி ஒரு கைப்பிடி இருக்கும். கீழ்க் கைப்பிடியில் சிவப்பு முக்கோணம் தெரிந்தால், உள்ளே இன்னும் எழுத்து இருக்கு, இடம் இல்லை என்று அர்த்தம். அதைச் சொடுக்கி அடுத்த பக்கத்தில் விட்டால் மீதி அங்கே வழியும். எங்க மாஸ்டர் தினமும் கத்துவார், "சிவப்பைப் பார்க்காம பிரின்ட் கொடுத்தா கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேர் காணாமப் போயிடும்டா!" விளையாட்டு இல்லைங்க, போயிருக்கு.

அப்புறம் லீடிங், அதாவது வரி இடைவெளி. ஆட்டோவில் விட்டால் எழுத்து அளவில் 120 சதவீதம். ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் மேலே கொம்பு, கீழே வால். ஒரு வரியின் 'ழு' அடுத்த வரியின் 'கீ'யில் போய் இடிக்கும். 11 பாயின்ட் எழுத்துக்கு 15 பாயின்ட்டாவது வை என்பார்.

தமிழ் ஃபாண்ட் என்பது அன்றைக்கு ஒரு வேஷம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கிலம்தான், அதன் மேல் தமிழ் முகமூடி. புலம்பெயர்ந்த ஈழத்து வீடுகளில் பழக்கமான பாமினி ஃபாண்ட்டில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து சாவி அழுத்தினால் 'தமிழ்' என்று வரும். முகமூடியைக் கழற்றினால் அந்த ஐந்து மட்டும் நிற்கும். அதனால் இரண்டு வேலை முதலில் செய்யணும். ஹைஃபனேஷனை அணைக்கணும், இல்லாவிட்டால் ஆங்கிலம் என்று நினைத்து நடுச்சொல்லில் கோடு போடும். மேற்கோள்குறியைத் தானாக வளைக்கும் வசதியையும் அணைக்கணும், இல்லாவிட்டால் அந்தச் சாவியில் இருக்கும் தமிழ் எழுத்து வேறு ஏதோவாக மாறும். இதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு முகமூடி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு அரசு டாப், டாம் என்று தரம் அறிவித்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் டிஸ்கி வைத்திருந்தார்கள். எங்க சென்டரில் இருந்த ஃபாண்ட் இதில் எதிலும் சேராதது.

கோர்ஸ் முடிந்ததும் அப்பா ஒரு நோட்டை நீட்டினார். "நீ கத்துக்கிட்டத இதுல காட்டு." ஊர் ஏரி, எங்க தாத்தா வெட்டின கிணறு, பஞ்சம் பிழைக்க வந்த குடும்பங்கள், ஆயா சொன்ன கதைகள். எட்டுப் பக்கத்துக்கு வந்தது. 100 காப்பி போட்டு ஊர்த் திருவிழாவில் சும்மா கொடுத்தார்.

நடுத்தாள் காணோம்

டொரண்டோவிலிருந்து அத்தைக்குப் போன் போட்டேன். "டிரங்குப் பெட்டியில ஒண்ணு இருந்துச்சுடா தம்பி" என்றார். மறுநாள் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான். 1, 2, 7, 8 நாலு பக்கம்தான். பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்று எங்கோ போய்விட்டது.

பக்கம் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். எட்டுப் பக்கப் புத்தகத்துக்கு இரண்டு தாள். வெளித்தாளின் ஒரு பக்கத்தில் 8-ம் 1-ம், மறுபக்கத்தில் 2-ம் 7-ம். உள்தாளில் 6-ம் 3-ம், பின்னால் 4-ம் 5-ம். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 9 வரும். ஒரு தாள் போனால் நாலு பக்கம் போச்சு. ஆயா மணலில் எழுத்து சொல்லித் தந்தது அந்த நாலு பக்கத்தில்தான் எங்கேயோ இருந்தது.

அப்போதுதான் தோன்றியது. என்னிடம் எட்டுப் பக்கக் குப்பை இருக்கு. அதில் நாலு பக்கத்துக்கு அச்சடித்த தமிழும் இருக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் குறி எந்த எழுத்து என்று தெரிந்துவிடுமே! சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகும் என் பன்னிரண்டு வயது மகளைக் கூப்பிட்டேன். அவள் போட்டோவிலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள், நான் குறியைத் தேடி அட்டவணை போட்டேன். இரண்டு வார இறுதி ஆனது. ஒரு சிக்கல்: பழைய ஃபாண்ட்டில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம், 'கெ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க. யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. முதலில் அதைத் திருப்பிப் போட்டு, அப்புறம்தான் மற்றதை மாற்றணும். 'ஞ' மட்டும் அந்த நாலு பக்கத்தில் வரவே இல்லை. மூன்றாம் பக்கத்தில் "ப?்சம்" என்று நின்றது. "பஞ்சம், அப்பா!" என்று மகள்தான் கண்டுபிடித்தாள். டொரண்டோவில் பிறந்த பிள்ளைக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாட்டி சொல்வாங்கல்ல" என்றாள்.

ஐந்தாம் பக்கத்தில் இருந்தார் ஆயா. திண்ணை, மணல், விரல். மகள் அதை இரண்டு தடவை வாசித்தாள். நான் குசினிக்குப் போய் டீ போட்டேன்.

இனி செய்கிறவர்களுக்கு

தமிழ்ப் பள்ளி ஆண்டு மலரோ குடும்பப் புத்தகமோ, பக்கம் கட்ட ஆசைப்படுகிறவர்கள் இன்றைக்கு இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். 2012-ல் வந்த சிஎஸ்6-லிருந்து இன்டிசைன் தமிழ் யூனிகோடை ஒழுங்காகக் கோர்க்கிறது. பத்தியமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கணும், அவ்வளவுதான். காசு கொடுக்க வேண்டாம் என்றால் ஸ்கிரைபஸ் இருக்கு. 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் சரியாக வருகிறது. மாஸ்டர் பேஜ், காலம், லீடிங், வழிகிற எழுத்து என்று பேஜ்மேக்கரில் கற்ற பாடம் அத்தனையும் இங்கேயும் செல்லும்.

பழைய பேஜ்மேக்கர் ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 6, 7 பதிப்பு ஃபைல்களை இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் திறக்க முடியும், அதற்குப் பிந்தையவை திறக்காது. கையில் பழைய மெஷின் இருக்கும்போதே, எழுத்தைத் தனியாக எடுத்து யூனிகோடுக்கு மாற்றி வையுங்க. ஃபாண்ட்டோடு சேர்த்து ஒரு பிடிஎஃப் வையுங்க. நல்ல காகிதத்தில் நாலு காப்பி அடித்து நாலு வீட்டில் வையுங்க. எங்க வீட்டில் பாதியைக் காகிதம் காப்பாற்றியது, மீதியை சிடி காப்பாற்றியது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் ஆயா கிடைத்திருக்க மாட்டார்.

இந்தப் பொங்கலுக்கு அப்பாவின் புத்தகத்தை மறுபடி அடித்தோம். 11 பாயின்ட் எழுத்து, 15 பாயின்ட் லீடிங். ராமகுப்பத்துக்கு இருபது காப்பி அனுப்பினேன். பக்கம் கட்டினது இந்தத் தடவை நான் இல்லை, மகள். சிவப்புக் குறி ஏதாவது இருக்கா என்று கடைசியில் ஒரு தடவை பார்த்துக் கொடுத்தது மட்டும்தான் என் வேலை.