பெயரும் சாவியும்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடை வாதங்களை நான் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். கல்லூரி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் அவை தானாகவே காதில் விழும். இப்போதெல்லாம் அங்கே மின்சார வண்டிதான் பேச்சு. "பேட்டரி போச்சுன்னா பாதி வண்டி காசு போச்சு" என்பார் ஒருவர். "பெட்ரோல் விக்கிற விலைக்கு இதுதான் லாபம்" என்பார் இன்னொருவர். அங்கிருந்து மானியம், மோடி, ஸ்டாலின் என்று பேச்சு தாவும். 2025 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாயின் மின்சார கிரெட்டா விற்பனைக்கு வந்தபோது, நம்ம மாவட்டத்து வண்டி என்று பெருமைப்பட்டார்கள்.

அந்தப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேச்சில் மட்டும் எப்போதாவது நாங்கள் வருவோம். "கியர் கிடையாது, சத்தம் கிடையாது. கடைக்குப் போக, புள்ளைய ஸ்கூல்ல விட பொம்பளைங்களுக்கு ஏத்த வண்டி." பத்தடி தள்ளி நின்று அதைக் கேட்கும் எங்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அதன் சுவரில் உள்ளன. அன்றைய உத்திரமேரூர் ஒரு பிராமணக் குடியிருப்பு. 30 குடும்புகளாகப் பிரிந்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கவைத்தார்கள். ஏரி வாரியத்துக்கு மட்டும் 6 பேர். பெயர் எழுதப்படத் தகுதிகள் உண்டு: 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது. இந்த ஒழுங்கைக் கண்டு உலகமே வியக்கிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இக்கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார்.

வியப்பு நியாயமானதே. ஆனால் என் மாணவிகளை அங்கே அழைத்துப் போனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல பொம்பளைங்க எங்க மேடம்?" என்பதுதான். பெண்ணை விலக்க அந்தச் சபைக்குத் தனி விதி தேவைப்படவில்லை. நிலமும் மனையும் வேதமும் யாரிடம் இருந்தன என்று பார்த்தாலே போதும். உழுதவர்களையும் அதே விதிகள்தான் வெளியே நிறுத்தின.

சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்று பக்கத்துச் செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் இயற்றியது 1989இல். தீர்மானம் சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின.

இயந்திரங்களின் கதையும் இதே வழியில் வந்ததுதான். கார்ல் பென்ஸின் பட்டறை நிலைத்ததற்கு அவர் மனைவி பெர்த்தாவின் சீதனப் பணமும் ஒரு காரணம். 1886இல் காப்புரிமை கணவர் பெயரில் பதிவானது. 1888இல் அந்த வண்டியை இரண்டு மகன்களோடு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிப் போய், அது ஊர்விட்டு ஊர் போகும் என்று உலகுக்குக் காட்டியவர் பெர்த்தா. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார்.

மின்சாரக் காரும் நேற்று வந்ததல்ல. 1900 வாக்கில் அமெரிக்கத் தெருக்களில் அது பெட்ரோல் காரோடு போட்டி போட்டது. பெட்ரோல் காரைக் கிளப்பக் கைப்பிடியை மூச்சு வாங்கச் சுற்ற வேண்டும்; மின்சாரக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே பெண்களைக் காட்டி விளம்பரம் செய்தார்கள். பெட்ரோல் கார்களை விற்றுப் பணம் குவித்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்சாரக் காரைத்தான் ஓட்டினார். அந்த வண்டி ஒருமுறை சார்ஜ் போட்டால் அதிக தூரம் போகாது. பெண்ணுக்கு அவ்வளவு தூரம் போதும் என்றார்கள். டீக்கடையில் நான் கேட்பதும் அதே கணக்குத்தான். பெண்ணுக்கு ஏற்ற வண்டி என்னும்போது, அவள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள்.

அந்தத் தூரத்தைப் பெண்களே முடிவு செய்த காலமும் நமக்கு உண்டு. 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் விவசாயக் கூலிகளும் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிளை வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பெண்ணுக்கு ஏற்ற வண்டி எது என்று ஓட்டியவளே சொன்னாள்.

இன்றைக்கு வருவோம். வகுப்பில் ஒருநாள் மின்சார வண்டி நல்லதா கெட்டதா என்று விவாதம் வைத்தேன். சுற்றுச்சூழல், மின்வெட்டு என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "எங்க வீட்டு ஸ்கூட்டர் அம்மா பேர்லதான் இருக்கு மேடம். குழுவுல லோன் போட்டு வாங்கினாங்க. டியூ அம்மா கட்டுறாங்க, ராத்திரி சார்ஜ் நான் போடுறேன். சாவி அண்ணன் பாக்கெட்ல. கேட்டா, உங்களுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே, வண்டி எதுக்குங்குறான்."

வகுப்பு சிரித்தது, பிறகு அமைதியானது. 2021 மே மாதத்தில் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் எத்தனையோ பெண்களை வேலைக்கும் படிப்புக்கும் அனுப்பியிருக்கிறது. அந்தச் சலுகையையே வீட்டில் அவளுக்கு எதிரான வாதமாக்க முடிகிறது. 2016இல் தமிழ்நாடு உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் போட்டது. ஆனாலும் தலைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்து பேசுவதை நாம் ஊர் ஊராகப் பார்க்கிறோம். அங்கேயும் பெயர் அவளுடையது, சாவி அவரிடம்.

பெயரே இல்லாமலிருந்த ஆயிரம் ஆண்டுகளோடு ஒப்பிட்டால், ஓலையிலும் ஆர்.சி. புக்கிலும் பெயர் வந்தது சிறிய விஷயமல்ல. பெயர் இருந்தால்தான் சாவியைக் கேட்கவே முடியும். ஆனால் கேட்டாக வேண்டும். மின்சாரமா பெட்ரோலா என்று டீக்கடை வாதாடட்டும். வண்டி யார் பெயரில், சாவி யார் கையில், எங்கே போவது என்று சொல்வது யார் என்பதை நாம் கேட்போம்.

அந்த மாணவி கேட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அம்மாவும் ஏரிக்கரையில் வண்டி பழகுகிறார்கள். இருவரும் எல்.எல்.ஆர். போட்டிருக்கிறார்கள். வார நாட்களில் சாவி இன்னும் அண்ணனிடம்தான் இருக்கிறது.